மாதிரி அண்ணனின் மூடிய வாய்

எங்கள் பல்கலைக்கழகக் கிளை வளாகம் கோழி வளர்ப்புப் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. இன்று செவிலியர் துறை நடக்கும் நீளக் கூடம்தான் அன்றைய கோழிக் கொட்டகை. மழை பெய்தால் சுவரிலிருந்து கிளம்பும் வாடையே அதைச் சொல்லிவிடும். அங்கேதான் செய்முறை வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றேன். வளாகத்தின் வரலாறு என்றால் துணைவேந்தர்களின் படங்களை வரிசையாக மாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் படமே போதும்.

வளாகத்துப் பேருந்து ஒருநாள் படுத்துவிட்டது. புதியது வரும்வரை ஓட்டுநருக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. புதியது வரவே இல்லை. கோழித் துறையை மூடி ஆசிரியர் பயிற்சி ஆரம்பித்தபோது, பக்கத்துப் பள்ளி பிள்ளைகளை அனுப்ப மறுத்தது. பாடம் நடத்திப் பழக ஆள் வேண்டுமே என்று முன் பெஞ்சில் இவரை உட்கார வைத்தார்கள். மீசை வைத்த மூன்றாம் வகுப்பு மாணவர். ஆண்டுதோறும் அதே வாய்ப்பாட்டைக் கற்று, ஆண்டுதோறும் புதிதாக விழித்தார். பிறகு சுற்றுலா மேலாண்மைப் பட்டயம் வந்தது. தொப்பி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் குறை சொல்லும் பயணியானார். அதற்கப்புறம் செவிலியர் துறையான நாங்கள். பிள்ளைகள் பரிசோதித்துப் பழக, அட்டையில் எழுதிய நோயை நடித்துக் காட்டும் மாதிரி நோயாளி அவர். 'மாதிரி அண்ணன்' என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நோயாளியாக அவர் கொஞ்சம் ஓவர்தான். வயிற்றுவலி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் காதுவலியையும் சேர்த்துக்கொள்வார். வயிறு மட்டும் என்றால் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறார்களாம்.

அவருடைய மகளும் எங்களிடமே சேர்ந்தாள். படிப்பில் கெட்டி. செய்முறைத் தேர்வில்தான் கை நடுங்கி ஒருமுறை கோட்டை விட்டாள். மறுமுறையும் தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான், எங்கள் விதி அப்படி. அந்த மறுதேர்வு நாளில், இன்னொரு மாதிரி நோயாளியான கேன்டீன்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது அப்பா மட்டும்தான். தலைமை வளாகத்திலிருந்து வந்த தேர்வாளரிடம் உறவைச் சொன்னேன். இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வர அவருக்கு இஷ்டமில்லை. அண்ணனைக் கூப்பிட்டார்.

"பொண்ணுக்கு உதவி பண்ணக் கூடாது. வாயைத் திறந்தீங்கன்னா தேர்வு செல்லாது."

"திறக்க மாட்டேன் சார்."

சொல்லி மூடியவர் மூடியவர்தான்.

எங்கே வலிக்கிறது என்று மகள் கேட்டாள். பதில் இல்லை. கையால் காட்டச் சொன்னாள். அதுவும் உதவிதானே என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் வைத்து அழுத்திப் படுத்துக்கொண்டார். தலையையாவது ஆட்டச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நோயைப் பற்றி மட்டும் பேசலாம் என்று தேர்வாளர் இறங்கி வந்ததும், அது தன்னை மாட்டிவிடும் சூழ்ச்சி என்றே அண்ணனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உதடுகளையும் உள்ளே மடித்துக்கொண்டார்.

மகளுக்கு நடுங்க நேரமில்லை. பேச்சில்லாத, அசைவில்லாத நோயாளிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை வரிசையாகச் செய்தாள். மூச்சைக் கவனித்தாள். ஒரு கையை வெளியே இழுத்து நாடி பிடித்தாள். இரத்த அழுத்தம் பார்த்தாள். திரும்பவும் பார்த்துவிட்டுத் தேர்வாளரிடம் வந்தாள்.

"சார், தேர்வை நிறுத்துங்க. இது நடிப்பு இல்ல. பிரஷர் எகிறிக் கெடக்கு, டாக்டர்கிட்ட கொண்டு போகணும்."

அட்டையில் இயல்பு என்றல்லவா இருக்கிறது என்றார் அவர்.

"அட்டைக்கு இயல்புதான் சார். அப்பாவுக்கு இல்ல."

தேர்வாளர் தானே அளந்து பார்த்தார். முகம் மாறியது. பேசாத நோயாளியிடமிருந்து இதைக் கண்டுபிடித்தவளை எப்படி ஃபெயிலாக்குவது என்று முணுமுணுத்தபடி மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு, எங்கள் எல்லோரையும் தன் காரிலேயே ஏற்றினார்.

வழியெல்லாம் அண்ணன் பேசவில்லை. மருத்துவமனையில் டாக்டர் கேட்டும் பேசவில்லை. பக்கவாதமோ என்று டாக்டர் டார்ச்சை எடுத்தார். மகள் குனிந்து, "அப்பா, நான் பாஸ். வாயைத் தொறங்க," என்றாள்.

திறந்தார். மகள் நாடி பிடித்த பக்குவத்தை டாக்டருக்கு விளக்க ஆரம்பித்து, நர்ஸ் மாத்திரையோடு வந்த பிறகும் நிறுத்தவில்லை. அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இருந்தாலும் வேலைக்குப் போகாமல் ஒரு வாரம் வீட்டில் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு அது நியாயமாகப் படவில்லை.

"படுக்கறதுதான் டாக்டர் என் வேலையே. லீவு குடுத்தீங்கன்னா எழுந்து நடக்கறேன்."