கேட்டுக்கொண்டே இருந்த தனுஜா

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தனுஜாவை மிஞ்சிய சண்டைக்காரி இன்னும் பிறக்கவில்லை. அவள் காலில் ஏறிய அட்டை ஒன்று, ஆளை அடையாளம் கண்டதும் மன்னிப்புக் கேட்டு இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

கணினி படித்தவள். ஹட்டன் கடைத்தெருவில், கஜேந்திரனின் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் வேலை. கீழே ஆணியும் தகரமும். மேலே, சுற்றுலா பங்களாக்களுக்கு அறை பதிவு செய்யும் இணையதளங்கள். இரண்டுக்கும் அவனே முதலாளி. எதையும் மாற்ற விடாத முதலாளி. பெயர்ப்பலகையைத் துடைக்கவே விடமாட்டான். அதைச் சுவரில் பிடித்து வைத்திருந்தது ஆணியல்ல, அவன் தாத்தா காலத்துத் தூசி.

இணையதளங்களை எழுதுவது ஜாவாஸ்கிரிப்டில். சிதறிக் கிடக்கும் நிரல் துண்டுகளை ஒரே பொட்டலமாகக் கட்டித் தர ஒரு கருவி உண்டு. அது தனியாக நிற்காது. யார் யாரோ எழுதிய நூற்றுக்கணக்கான குட்டி நிரல்களின் தோளில் ஏறித்தான் நிற்கும். அவற்றில் எங்கே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும். கஜேந்திரன் வைத்திருந்த கருவி அரதப் பழசு. திரை கோயில் திருவிழாபோலச் சிவந்து கிடந்தது. பெரும்பாலான எச்சரிக்கைகள் வெறும் சத்தம் என்று தனுஜாவுக்குத் தெரியும். ஒன்று மட்டும் அப்படியில்லை.

வேலை எப்படிப் போகிறது என்று கடையிலிருந்தே தன் போனில் பார்க்க, அவளுடைய கணினியைக் கடை வைஃபைக்குத் திறந்துவைக்கச் சொல்லியிருந்தான் கஜேந்திரன். கருவியிலிருந்த ஓட்டையால், அந்த வைஃபைக்குள் வந்த எவனும் அவள் கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்தவை பங்களா விருந்தினர்களின் பாஸ்போர்ட் படங்கள். வைஃபையின் கடவுச்சொல்லோ பக்கத்துச் சாப்பாட்டுக் கடைச் சுவரில் பகிரங்கமாக ஒட்டியிருந்தது. அது அவன் மச்சானின் கடை. ரொட்டி தின்ன வந்தவன் சம்பலோடு நாலு பாஸ்போர்ட்டையும் தொட்டுக்கொள்ளலாம்.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் ஜீவராஜ். பங்களாவுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரியின் பாஸ்போர்ட் விவரம் வெளியே போய்விட்டது. எப்படிப் போனதென்று யாரும் பார்க்கவில்லை. கஜேந்திரன் கடை வாசலில் நின்று "கள்ளன்" என்று கத்தினான், போதாதா? ஹட்டனில் ஒருவரும் ஜீவராஜை வேலைக்கு எடுக்கவில்லை. இன்னொன்று வெளியே போனால் அடுத்தது தன் பெயர் என்று தனுஜாவுக்குத் தெரிந்தது. வேலை போனால் போகட்டும், கள்ளி என்ற பேரோடு மட்டும் அந்தப் படியிறங்கமாட்டேன் என்றிருந்தாள்.

"சேர், இந்தக் கருவியப் புதுசாக்கணும். இல்லாட்டி உங்க போனுக்குத் தொறந்து வச்சத மூடணும்."

"மூடினா நான் எப்படிப் பாக்குறது?"

"படியேறி வந்து பாருங்க. தொப்பையாவது கொறையும்."

கஜேந்திரனின் மூக்கு விடைத்தது. "புதுசாக்கினா என் கலண்டர் ஓடுமா?"

கலண்டர் என்றது, அறை காலியா இல்லையா என்று காட்ட அவன் எழுதிய நிரல். வாழ்நாளில் அவன் எழுதிய ஒரே நிரல். பழைய கருவியில் மட்டுமே ஓடும்; பெப்ரவரிக்கு முப்பது நாள் காட்டும்.

"ஓடாது. இப்பவும் ஓடல, நொண்டுது."

"லயத்துலேருந்து வந்தவளுக்கு வாயப் பாரு! இனிமே என்னைக் கேக்காம ஒண்ணையும் மாத்தக் கூடாது. ஒரு புள்ளியக்கூட! வெளங்குச்சா?"

அவன் போட்ட சத்தத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு அங்குலம் தளும்பியது.

"நல்லா வெளங்குச்சுங்க. கேட்டே மாத்துறேன்."

இவள் அம்மா வீரம்மாவின் கதை கஜேந்திரனுக்குத் தெரிந்திருந்தால் அப்படி ஒரு உத்தரவு போட்டிருக்கமாட்டான். ஒருமுறை, கொழுந்து பறிப்பதை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கு, "என் கண்ணுல காட்டாம ஒரு கொழுந்தும் கூடையில விழக்கூடாது" என்றார். வீரம்மாவும் மற்றப் பெண்களும் ஒவ்வொரு கொழுந்தாகக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஓட்டமெடுத்த மனிதர் எத்தனையோ மலை தாண்டிப் பட்டிப்பொல ஸ்டேஷனில்தான் மூச்சு வாங்கினாராம்.

மறுநாள் சனிக்கிழமை. தோட்டத்துச் சனத்தால் கடை நிரம்பியிருந்த நேரத்தில் தனுஜா படியிறங்கினாள்.

"சேர், எழுத்துக்கு நெறம் பூசுற நிரல் ஒண்ணு இருக்குங்க. அதோட பதிப்பு நாலு புள்ளி ஒண்ண நாலு புள்ளி ரெண்டாக்கவா?"

"ஆக்கு, ஆக்கு."

மேலே போனாள். இறங்கினாள்.

"சேர், கோப்பத் தேடிக் குடுக்குற நிரல். மாத்தவா?"

"மாத்து."

போனாள். இறங்கினாள். ஆணி நிறுக்கும்போது கேட்டாள், தகரம் அளக்கும்போது கேட்டாள், அவன் வாயில் வடை இருந்தபோதும் கேட்டாள். பிற்பகலில் பார்த்தால், ஏறி இறங்கிய மிதியில் மேல்மாடி ஓரடி தாழ்ந்திருந்தது.

பணப்பெட்டிக்குப் பின்னாலிருந்த கஜேந்திரனின் தாய் அழகம்மை பொறுமையிழந்தாள். "இந்தப் புள்ளைக்கு என்னாடா வேணும்?"

"உத்தரவு வேணுங்கம்மா. கேக்காம ஒரு புள்ளியும் மாத்தக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு."

"மழைக்கு முந்தித் தகரத்தக் குடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நீங்க அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் கூரை ஆத்தோட போயிரும்!"

கடை சிரித்தது. தனுஜா சிரிக்கவில்லை.

"கடைசியா ஒண்ணுங்க, சேர். பொட்டலம் கட்டுற கருவியே. இத மாத்தினா ஓட்டை அடைபடும், உங்க கலண்டரும் நின்னுரும். நல்லாக் கேட்டுக்கங்க. மாத்தவா?"

"மாத்துடி! என்னத்தையாவது மாத்தித் தொலை! இன்னொரு தடவ எறங்கி வந்தா காலை ஒடிப்பேன்!"

கடையே கேட்டது. அவள் மேலே போய்க் கருவியைப் புதுசாக்கினாள். ஓட்டை அடைபட்டது. கலண்டர் செத்தது.

சாயங்காலம் போனைத் தட்டிப் பார்த்த கஜேந்திரன், கலண்டர் இருந்த இடம் வெள்ளையாகக் கிடப்பதைக் கண்டு மாடிக்குப் பாய்ந்தான். முதல் தடவையாக அந்தப் படிகளில் ஏறினான் என்பது என் கணிப்பு.

"வெளிய போ! நாளையிலேருந்து வராத!"

தனுஜா பையை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள், பின்னாலேயே கஜேந்திரனும் இறங்கினான். அவள் போகவில்லை, வாசலில் நின்றாள்.

"எதுக்குப் போகச் சொல்றீங்கன்னு இங்க சொல்லுங்க."

"போடி!"

"ஜீவராஜுக்கு இங்க நின்னுதானே பேரு வச்சீங்க? எனக்கும் இங்கேயே சொல்லுங்க."

"என் கலண்டர ஒடைச்சதுக்கு!"

"வேற?"

"வாய்க்கு! உன் வாய்க்கு!"

"களவு ஏதாச்சும்?"

கஜேந்திரன் பல்லைக் கடித்தான். சாமான் வாங்க வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"சொல்லித் தொலைடா," என்றாள் அழகம்மை. "கடைய மூடணும்."

"இல்ல."

"ரோட்டுக்குக் கேக்கலைங்க."

"இல்லடீ! களவு ஒண்ணும் இல்ல!"

எதிர்க்கடைக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அது போதும். குடையை விரித்துக்கொண்டு டிக்கோயா பஸ்ஸுக்கு நடந்தாள்.

வீட்டில் வீரம்மா மகளை ஏசிய ஏச்சில் லயமே கூடிவிட்டது. வேலை போனதற்கல்ல. அந்தக் கலண்டரை இவ்வளவு நாள் உயிரோடு விட்டுவைத்ததற்கு.