தாராபுரத்துப் படலை

மன்னார்த் தீவின் தாராபுரத்தில் பஸ் தரிப்பிடத்தின் வாசலுக்குப் படலை போட்டிருக்கிறார்கள். உள்ளே கூட்டிய தரை, துடைத்த வாங்கு, சுவரோரம் பூத்து நிற்கும் செவ்வரத்தை. தீவின் வீதிகளில் கழுதைகள் தம்பாட்டில் திரிகின்றன, அவை உள்ளே வராமல் இருக்கத்தான் படலை.

வாங்கில் என் பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண், மரக்கறிப் பையோடு இருக்கிறார்.

"இதை ஆர் பாக்கிறது? பிரதேச சபையோ?" என்று கேட்கிறேன்.

"செடி சேர்ச்சுக்குப் போற வேதக்கார ஆக்கள் வச்சது. படலை எங்கட ஆக்கள் போட்டது. கடைசியா பஸ் ஏறுற ஆள் அதைச் சாத்தோணும். அவ்வளவுதான்."

பஸ் வருகிறது. மரியாதைக்காக எல்லாரையும் முன்னே விட்டு நான் கடைசியாக ஏறுகிறேன். பஸ் நகரவில்லை. சாரதி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறார். மற்றவர்களும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

"படலை, தம்பி," என்கிறார் அந்தப் பெண்.

இறங்கி ஓடுகிறேன். அதற்குள் ஒரு கழுதை பாதி உடம்பை உள்ளே விட்டுச் செவ்வரத்தையை மோந்துகொண்டு நிற்கிறது. பஸ் யன்னல்களிலிருந்து ஆளுக்கொரு யோசனை வருகிறது.

"பின்னால தட்டுங்கோ."

"பின்னால போகாதேங்கோ, உதைக்கும்."

கடைசியில் நடத்துநர் இறங்கி வந்து நாக்கைச் சொடுக்குகிறார். கழுதை தானாகவே வெளியே வருகிறது. நான் படலையைச் சாத்துகிறேன்.

மீண்டும் ஏறியதும் அந்தப் பெண் சற்று நகர்ந்து இடம் தருகிறார்.

"நீங்க எவ்விடம்?"

"கொழும்பு."

"அங்க கழுதை இல்லையே?"

"இல்லை."

"அப்ப உங்கட தரிப்பிடத்தில செடியெல்லாம் நல்லா நிக்கும்."

"செடியும் இல்லை, அக்கா."