ரிஹானாவுக்கு எடுத்துக் கொடுத்த லெப்டொப்

போன வருடம் கடல் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கியிருந்த நாட்களில், கரையோர ஊரான பள்ளிவாசல்துறையிலிருந்து ரிஹானா என்றொரு பெண் எங்கள் கடைக்கு வந்தார். “கேம் விளையாட லெப்டொப் ஒண்டு வேணும்” என்றதும் கடை முதலாளி ஹாஜியார் சிரித்துவிட்டார்.

“மகனுக்கா?”

“எனக்குத்தான்.”

“என்ன கேம்?”

“லொறி ஓட்டுறது.”

ஹாஜியார் பின்மேசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டீங்களா அன்சார்? ஊருக்கு றைவர் ஒராள் கூடியிரிக்கி.”

“றைவர் என்ட மாப்பிள்ள, ஹாஜியார். நான் பின்னால வாற லொறி” என்றார் ரிஹானா.

புத்தளத்தில் இருக்கும் எங்கள் கடையில் பாவித்த லெப்டொப் விற்கிறோம், பழுதும் பார்க்கிறோம். விற்பது ஹாஜியார். திருத்துவது நான். சின்ன வயதில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தபோது ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ரேடியோ, பிறகு போன், பிறகு லெப்டொப் என்று கை பழகியது. கதைக்கத்தான் பழகவில்லை. பெண்கள் வந்தால் மெஷினைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

தெரிவு

ரிஹானா தையல்காரி. கணவர் நௌசாத் முன்பு உப்பு லொறி ஓட்டியவர், இப்போது கட்டாரில் ஒரு ஸ்டோரில் பெட்டி தூக்குகிறார். இருவரும் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கேமில் ஆளுக்கொரு லொறியில் ஒரே ரோட்டில் போவார்களாம். ரிஹானாவின் பழைய லெப்டொப் அதற்குத் தாங்கவில்லை. படம் விட்டுவிட்டு ஓடியது. அண்ணனை அழைப்பதுபோல் என்னை நானா என்று கூப்பிட்டுச் சொன்னார்.

“கோல் எடுத்தா, சாப்பிட்டாச்சா எண்டு கேட்டதுக்குப் பொறகு எங்களுக்குக் கதை இல்ல நானா. லொறில ஏறினாத்தான் கதை வரும். அங்க திரும்பு, இங்க மெதுவாப் போ எண்டு ஏசுவார். நானும் ஏசுவன். அதுக்குத்தான் கேக்கிறன். தைச்சுச் சேத்த காசு, இதுக்கு மேல ஏலா.”

ஹாஜியார் கீபோட்டில் கலர் லைட் எரிகிற ஒன்றை எடுத்து வைத்தார். நான் எழுந்து போய் அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து வேறொன்றைக் கொண்டு வந்தேன். ஏதோ கம்பனியில் படம் வரைவதற்குப் பாவித்த தடித்த மெஷின். மூடியில் கீறல், பற்றரியும் பலவீனம். ஆனால் படம் ஓட்டுவதற்கென்றே தனி கிராஃபிக்ஸ் சிப் இருந்தது.

“லைட்டுக்குக் காசு குடுக்காதீங்க” என்றேன், மெஷினைப் பார்த்தபடி. “வீட்டுல பிளக்ல போட்டுத்தானே விளையாடுறீங்க, பற்றரி பறவாயில்ல. ரெம் மெமரியப் பொறகு கூட்டலாம். கிராஃபிக்ஸ் சிப் மட்டும் பொறகு மாத்த ஏலா. அது நல்லா இருக்கோணும்.”

அந்தத் தெரிவில் பிழை இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஃபேனைக் கழற்றித் துடைத்தேன். சிப்பில் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் பூசினேன். லொறி கேமைப் போட்டுச் சூடேறும்வரை ஓடவிட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. ரிஹானா மெஷினைப் பையில் வைக்கும்போது, கரையோரத்திலிருந்து வருகிற எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்.

“உப்புக் காத்துப் படாம மூடி வைங்க.”

“ஓம் நானா.”

அவ்வளவுதான். அதோடு நான் என் மேசைக்குப் போய்விட்டேன்.

உறை

கச்சான் ஓய்வதற்கு முன்பே அவர் திரும்பி வந்தார். திரையில் கோடு கோடாக விழுந்து நின்றுவிட்டதாகச் சொல்லி, லெப்டொப்பை மேசையில் வைத்தார்.

அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். நீலத் துணி, உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். திரைக்கும் கீபோட்டுக்கும் வயருக்கும் மட்டும் அளவெடுத்து வெட்டியிருந்தார். அடிப்பக்கமும் இரண்டு விலாவும் சட்டை போட்ட மாதிரி இறுக்கமாக மூடியிருந்தன. எங்கள் கரையில் டிவிக்கும் தையல் மெஷினுக்கும் உறை போடாத வீடு இல்லை. உப்பு அப்படி. ஆனால் அவையெல்லாம் பாவிக்காத நேரத்து உறைகள். இது பாவிக்கும்போதும் கழற்றாத உறை.

“விளையாடக்குள்ளயும் இது மேல இருந்ததா?” என்று கேட்டேன்.

“ஓம். ஜன்னலடியிலதானே சிக்னல் இரிக்கி. அதால நேரா கடல் காத்து வரும். நீங்கதானே மூடி வைக்கச் சொன்னீங்க.”

குரலில் குற்றம் சாட்டல் ஒன்றும் இல்லை. நான் சொன்னதை நன்றாகச் செய்துவிட்டேன் என்கிற மாதிரிச் சொன்னார். கழற்றிப் பார்த்தேன். உள்ளே சர்க்கிட் போட்டில் உப்பு அரித்த பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. ஃபேன் காற்றை இழுக்கவும் தள்ளவும் வழியில்லாமல் கிராஃபிக்ஸ் சிப் வெந்து போயிருந்தது.

ஹாஜியார் என் காதோடு சொன்னார். “சூடாக்கிக் குடுங்க அன்சார். கொஞ்ச நாள் ஓடும்.”

சிப்புக்கு ஹொட் எயார் மெஷினால் சூடு அடித்தால் சிலவேளை உயிர் வரும். அது திருத்தம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் போகும். போட்டை மாற்றுவதென்றால் இன்னொரு லெப்டொப் வாங்குகிற காசு வேண்டும். இதையெல்லாம் இந்த முறை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சூடாக்குங்க நானா. மாப்பிள்ளைட்ட ஒண்டும் சொல்ல மாட்டன். ஓடுற மட்டும் ஓடுறம்.”

சூடாக்கினேன். உயிர் வந்தது. கூலி வாங்கவில்லை. ஹாஜியாரும் கேட்கவில்லை.

இப்போது செய்வது

அதற்குப் பிறகு மெஷின் கடைக்கு வரவில்லை. நான் ஒரு தடவை போன் எடுத்துக் கேட்டேன்.

“நிண்டுட்டு நானா. மலைப் பக்கத்து ரோட்டு ஒண்டுல ஏறிக்கொண்டு இருந்தம். அவர் முன்னால. நான் காணாமப் போயிட்டன் எண்டு லொறிய ஓரமா நிப்பாட்டி, சிக்னல் லைட்டும் போட்டுட்டு, விடியுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தாராம்.”

“சரி நானா, வைக்கிறன்” என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது எந்த லெப்டொப் விற்றாலும், வாங்குகிறவரைக் கதிரையில் இருத்தி, கேமைப் போட்டு, காற்று வெளியே வரும் இடத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்கிறேன். அணைத்து, சூடு ஆறிய பிறகு உறையால் மூடுங்கள், திரும்ப ஓன் பண்ணுவதற்கு முன் உறையைக் கழற்றுங்கள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். சொன்னதை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். ஹாஜியார் பகிடி பண்ணுகிறார், “அன்சாருக்கு வாய் வந்திட்டுது” என்று.

வந்தது உண்மைதான். கொஞ்சம் பிந்தி வந்தது.