ரெட்டை டைமண்ட் அரை ரூபாயும் பேச்சியம்மாளின் மஞ்சள் துணியும்

மூணாறு பக்கம் சித்திரபுரத்தில் தகரம் போட்டு ஆரம்பித்த மளிகைக் கடையை ஓட்டுக் கட்டடமாக்கியது நான். எருத்தேன்பதியில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கியது நான். மூன்று மகன்களைக் காலேஜ் வரை தள்ளிவிட்டதும் நான்தான். தாங்களாகவே போனதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்தது இரண்டாம் கிளாஸ். இப்போது காசு சேகரிக்கிற பிள்ளைகள் பட்டமும் பூதக்கண்ணாடியுமாக வந்து என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நயா பைசா வருவதற்கு முந்திய காலம். காசில் வருஷத்துக்கு அடியில் பொடியாக ஒரு குறி இருக்கும். எந்த மின்ட்டில், அதாவது எந்த நாணயச்சாலையில், அடித்தது என்று அதை வைத்துச் சொல்லலாம். ஒரு மின்ட் டைமண்ட் போடும், இன்னொன்று எதுவும் போடாது. அந்த டைமண்ட் தள்ளியோ இரண்டு தடவையோ விழுந்திருந்தால், மேல்விலை கொடுக்கப் படித்த மனிதர்கள் இருந்தார்கள். நான் தராசில் தப்புப் பண்ணினால் அபராதம். மின்ட்டில் தப்புப் பண்ணினால் பத்து மடங்கு விலை. இந்த நியாயம் புரிந்த அன்றே கல்லாவில் விழும் காசையெல்லாம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

வாங்குகிறவர் கோயமுத்தூர் வக்கீல் ஒருவர். மின்சார போர்டு குவார்ட்டர்ஸில் இருந்த தன் மச்சினன் வீட்டுக்கு அடிக்கடி வருவார். தன்மேல் பாசம் என்று மச்சினன் நினைத்தார். பாசமெல்லாம் என் கல்லா மேல்.

ஒரு சம்பள நாள். எஸ்டேட் ஆபீஸுக்குப் பாங்கிலிருந்து புதுக்காசு மூட்டை வந்திருந்தது. தேயிலைக் கொழுந்து கிள்ளும் பேச்சியம்மாள் பருப்பு வாங்கிவிட்டுப் புது அரை ரூபாய் ஒன்றைக் கொடுத்தாள். கூடவே கிடைத்த இன்னொன்றை, மகனுக்குக் காய்ச்சல் இறங்க வேண்டி, மஞ்சள் துணியில் மாரியம்மனுக்கு முடிந்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அவள் கொடுத்த காசைத் திருப்பினேன். டைமண்டின் தோளில் இன்னொரு டைமண்ட் ஏறி உட்கார்ந்திருந்தது.

அடுத்த தடவை வக்கீல் வந்ததும் காட்டினேன். கடை நிறைய ஆள். லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது தட்டான் வேலைங்க. ஊசில கீறி எங்கிட்டயே விக்கப் பாக்கறீங்களே" என்று காசைத் தராசுத் தட்டில் போட்டார். சட்டம் படித்தவர் அல்லவா, சாட்சி கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து நான் கொடுத்த சில்லறையை ஒவ்வொருவரும் என் வாசற்கல்லிலேயே தட்டி ஓசை பார்த்துத்தான் மடியில் கட்டினார்கள். ஒருவர் கடித்தும் பார்த்தார். காசின் மேல் விழுந்த சந்தேகம் அடுத்து அரிசி மேல் விழும், அப்புறம் ஆள் மேல். பதினோரு வருஷம் கட்டிய கடை.

யோசித்தேன். தட்டான் ஒரு காசில் கீறலாம். இரண்டு காசில் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் கீற முடியாது. இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தால் தப்பு அச்சில்தான். அந்த மூட்டையில் வந்த மற்ற காசுகளை, ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் திருப்பிப் பார்க்காமலே, நானே மூணாறு மொத்தக் கடைக்கு அனுப்பித் தொலைத்திருந்தேன். மிச்சம் மஞ்சள் துணியில் இருந்தது மட்டும். பேச்சியம்மாளிடம் போனேன். ஒரு நிமிஷம் அவிழ்த்துக் காட்டினால் ஒரு மாத மளிகை இலவசம் என்றேன்.

"சாமிக்கு முடிஞ்சத ஆளுக்கு அவுத்துக் காட்டவா பாய்? ஒங்க கடைப் பேருக்கு எம்மவன் உசுரையா பணயம் வைக்கச் சொல்லுதீய? கொடைக்கு வாங்க. கோயில்லதான் அவுப்பேன்."

மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை வாசற்கல்லின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வியாபாரம் பண்ணினேன். வக்கீலுக்குக் கடிதம் போட்டேன்: அதே அச்சில் விழுந்த இன்னொரு காசைக் கொடையன்று கோயிலில் காட்டுகிறேன், பொய்யானால் நான் சேர்த்து வைத்திருக்கிற காசெல்லாம் உங்களுக்கு இனாம். இனாம் என்றதும் முதல் பஸ்ஸில் வந்தார்.

கோயில் உண்டியல் பக்கத்தில் லென்ஸோடு அவர், தொப்பியோடு நான், சுற்றிலும் என் கடையில் காசு தட்டிய அத்தனை பேரும். காய்ச்சல் இறங்கிய மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். புழக்கமே காணாத காசு. உள்ளங்கையில் நீட்டினாள், தொட விடவில்லை. வக்கீல் குனிந்தார். என் காசைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ரெண்டும் ஒரே அச்சுங்க பாய்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"அன்னிக்குக் கடையில சொன்ன சத்தத்துக்குச் சொல்லுங்க, வக்கீலய்யா."

சொன்னார். சொன்ன கையோடு பேச்சியம்மாளின் காசுக்குப் பதினைந்து ரூபாய் தருவதாகவும் சொன்னார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எட்டணாவுக்கா? ஏன் சாமி, ஒங்களுக்கும் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டு, காசை உண்டியலில் போட்டாள்.

அன்றோடு வாசற்கல்லுக்கு ஓய்வு. என் காசை நான் சொன்ன விலைக்கு வக்கீல் வாங்கிக்கொண்டார். பேரம் பேச வாய் வரவில்லை.

பிள்ளைகளே, டைமண்ட் மங்கலாக இருந்தால் அது தேய்மானம். அதைத் தூக்கிக்கொண்டு லட்சம் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வராதீர்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஜோடிக் காசு கிடைக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. காசு விலைப் புத்தகத்தில் 'ரெட்டை டைமண்ட், கோவை வக்கீல் ஒருவர் கண்டறிந்தது' என்று அச்சாகியிருக்கிறது. அவர் கண்டறிந்தது ஊசிக் கீறல். அச்சுத் தப்பைக் கண்டறிந்தது எருத்தேன்பதி காதர் ராவுத்தர், சித்திரபுரம் மளிகைக் கடை. அடுத்த பதிப்பில் இதை அப்படியே போட வேண்டும். அதற்குக் கீழே பேச்சியம்மாள் பேரும் வர வேண்டும். எழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்தால் போதும்.