பெரியசாமி திரும்பிப் பார்த்தார்

செட்டிபாளையத்தில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது என் தொழில். எத்தனையோ சாமிமாரின் பேச்சுக்கு மைக் பூட்டியிருக்கிறேன். எல்லாப் பற்றையும் விடச் சொல்வார்கள். மைக்கை மட்டும் விடமாட்டார்கள். காவியைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

சுனாமியில் மனைவி போனாள். மிஞ்சியது நானும் மகளும். பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது, களுதாவளைக்கு அப்பால் வாவிக்கரையில் இருந்த ஒரு சின்ன மடத்தின் தலைவர் வந்தார். பெரியசாமி என்பார்கள். அதிகம் பேசமாட்டார். பேசாத சாமியை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய வேனை ஓட்டிவந்த சீடர் சின்னச்சாமி, எப்போதும் சிரித்த முகம். பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிப்பதாக அவர்தான் சொன்னார். தலையாட்டினேன், மகளை அனுப்பவில்லை.

பிறகு ஆயுதக்காரர்கள் தங்கள் படைக்குச் சேர்க்க வீடுவீடாகப் பிள்ளைகளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் மகளை மடத்தில் விட்டேன். விட்டேனே தவிர நம்பவில்லை. றோட்டில் எந்தச் சென்றிக் காவலிலும் அந்த வேனை மறிப்பதில்லை. ஆர்மிக்காரனும் கும்பிடுகிறான், மற்றவனும் கும்பிடுகிறான். சும்மா கும்பிடுவானா? வாரம் தவறாமல் சைக்கிளில் போய் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு பின்னேரம், மடத்து வாசலில் துவக்கோடு நாலு பேர் நின்றார்கள். இரண்டு பிள்ளைகள் வேண்டுமாம். மகள் தூணுக்குப் பின்னால் நின்றாள். பெரியசாமி தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். ‘வாகனம் நல்லா ஓட்டுவார்’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது. பிறகு திரும்பிச் சின்னச்சாமியைப் பார்த்தார். சின்னச்சாமி அவர் காலில் விழுந்து கும்பிட்டார். எழும்பி அவர்களோடு போனார். பிள்ளைகளை யாரும் தொடவில்லை.

மடத்தில் தலைவர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. தீட்சை வாங்கியவன் தன்னையே அவரிடம் கொடுத்துவிட்டான். அன்று அவர் சொல்லக்கூட இல்லை, பார்த்தார். சின்னச்சாமி தானாகப் போனாரா, இவர் பிடித்துக் கொடுத்தாரா? என் மகள் தப்பியது அதனால்தான் என்று தெரியும். தெரிந்தும் சந்தேகம் போகவில்லை.

யுத்தம் முடிந்து, மகனைத் தேடிப்போன முகாமெல்லாம் கைவிரித்த பிறகு, மாங்கேணியிலிருந்து சின்னச்சாமியின் தாய் மடத்துக்கு வந்தார். என் மகள் விட்டுவந்த புத்தகங்களை எடுக்க அன்று நானும் போயிருந்தேன். அந்தத் தாயின் கையில் அரிசியும் காய்கறியும் இருந்தன. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை மகனுக்கு அங்கேயே செய்யவேண்டும் என்றார்.

“காவி வாங்கின அண்டைக்கே அவர் தன்ர கிரியையைத் தானே செய்து முடிச்சிட்டார் அம்மா,” என்றார் பெரியசாமி. “சன்னியாசிக்கு அதுக்குப் பிறகு கிரியை இல்லை. தாயும் இல்லை.”

“அவன் செய்திருப்பான் சாமி. நான் இன்னும் ஒண்டும் செய்யல்லியே.”

பெரியசாமி தலையை அசைத்து மறுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“சாமி, அண்டைக்கு அவரா போனாரா, நீங்க அனுப்பினீங்களா?”

“எங்களுக்குள்ள அது ரெண்டும் ஒண்டுதான்,” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தாய் என் பக்கம் திரும்பினார். “அண்டைக்கு நீங்களும் இஞ்ச நிண்டீங்களா மனே?”

“ஓம் அம்மா. எண்ட மகள் இஞ்சதான் படிச்சவ.”

“அவ இப்ப எங்க?”

“வீட்ட இரிக்கா.”

“சுகமா இரிக்காவா?”

“ஓம்.”

அவர் அரிசிப் பையைக் கொண்டுபோய் என் சைக்கிள் கரியரில் வைத்தார்.

“புள்ளைக்கு ஆக்கிக் குடுங்க,” என்றார்.

செத்தவனுக்கென்று கொண்டுவந்த அரிசி. பை விழாதபடி கயிற்றால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தேன்.