சி டிரைவில் ஒன்றுமில்லை

உப்புக் காற்றோ, வயதோ தெரியவில்லை, என் லேப்டாப் ஒரு காலையில் திரை கறுத்து நின்றுவிட்டது. நானும் மனைவியும் அதைத் தூக்கிக்கொண்டு மரக்காணத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு ஓடினோம். அதற்குள்தான் அவள் குரல் இருந்தது. தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால் நான் பதிந்து வைத்த பேச்சு. அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை.

"விண்டோஸ் மறுபடி போடணும் சார். சி டிரைவ் அழிஞ்சிடும், டி அப்படியே இருக்கும். சி-ல எதுனா வெச்சிருக்கீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒன்னும் இல்லீங்க. அழிச்சிடுங்க" என்றேன்.

அவர் விரல் எண்டர் பட்டனுக்குப் போனது. மனைவி மேசையை ஓங்கித் தட்டினாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு திரையின் வலது மூலையில், அவள் பேச்சை வைத்திருந்த ஃபோல்டர் எப்போதும் இருக்கும் இடத்தில், விரலால் ஒரு கட்டம் வரைந்தாள்.

கடைக்காரர் கையை இழுத்துக்கொண்டார். "டெஸ்க்டாப்புலயா வெச்சீங்க? அட போங்க சார்! டெஸ்க்டாப்பே சி-க்குள்ளதான் இருக்குது."

"முதல்ல அதை வெளிய எடுத்துடுங்க" என்றேன்.

அவர் ஒரு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து லேப்டாப்பை இயக்கி, ஃபோல்டரை வெளியே காப்பி செய்தார். காப்பி ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு உப்புப் பாத்தியில் விட்ட தண்ணீர்போல ஊர்ந்தது. நடுவில் நின்றது. மறுபடி நகர்ந்தது.

முடிந்ததும் அதிலிருந்த ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். "ஏங்க, என்னத்தப் பேசுறது? போனை அந்தாண்ட வையுங்க!" கடை முழுக்க அவள் அதட்டல். பக்கத்தில் அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

"இப்ப அழிக்கலாமாம்மா?" இந்தத் தடவை அவர் அவளைத்தான் கேட்டார்.

சொற்களை வைத்துப் பிழைப்பவன் நான். 'ஒன்னும் இல்லை' என்று சொல்லும் முன் இப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.