செப்டிக் டேங்குக்குப் போன பட்டு

மூணாங் கிளாஸ் தாண்டாத நான் கட்டியதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு தறி. பெரிய காஞ்சிபுரத்தில் மாடி வீடு. அதற்குப் பின்னால், மேஸ்திரியே "இந்த மண்ணுல நிக்காதுபா" என்று கையை விரித்த இடத்தில், ஒரு செப்டிக் டேங்க். இந்த ஊரில் கோபுரத்தின் பெருமை பேச ஆயிரம் பேர் உண்டு. இதன் பெருமையை நான்தான் பேசியாக வேண்டும்.

போன தை மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வருவதாக இருந்தது. போட்டோ பார்த்தபோதே அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து, காலையில் கக்கூசில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் மேலே வந்து எட்டிப் பார்த்தது. மகன் ஆசிட் பாட்டிலோடு ஓடி வந்தான். பிடுங்கி வைத்தேன். டேங்கில் இருக்கிற கிருமிதான் நாம் போடுவதைத் தின்று தீர்க்கிறது. அதற்கு விஷம் வைத்துவிட்டால் அப்புறம் யார் தின்பது, இவனா? லாரி வைத்து உறிஞ்சலாம் என்றான். உறிஞ்சி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கோளாறு டேங்கில் இல்லை, போகிற வழியில் என்றேன்.

வெளியே சேம்பர் மூடியை நெம்பித் தள்ளி, குழாய்க்குள் கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தேன். வந்தது பட்டு. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, எல்லாம் சடை போட்டுக்கொண்டு, நடுவில் ஜரிகை வேறு.

தறியில் புதுப் பாவு நூலைப் பழைய பாவு நூலோடு பிணைக்கும்போது விழும் நூல் துண்டுகளை மருமகள் கக்கூசில் போட்டு வந்திருக்கிறாள். குப்பையில் போட்டால் காற்றில் பறந்து காலைச் சுற்றுகிறதாம்.

"பட்டுதானே மாமா, மக்கிப் போய்டும்னு நெனச்சேன்."

"மூணு தலைமுறைக்கு உழைக்கும்னு சொல்லித்தானேமா வித்துக்கினு இருக்கோம்?"

பையனின் அம்மா வந்ததும் காபியைக்கூடத் தொடாமல் பாத்ரூம் எங்கே என்றார். பேத்தி தட்டோடு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டோம். தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு, கடகடவென்று இறங்கும் சத்தம். மேளம்கூட எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டதில்லை.

அந்த அம்மாள் வெளியே வந்து, "எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்கமா" என்று மருமகளிடம் சொன்னார். அவளும் கூச்சப்படாமல் வாங்கி வைத்துக்கொண்டாள். சோப்புக்கும் போகாத வாடை என் கையில்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜாதகப் பொருத்தம் என்கிறார்கள், அம்மன் அருள் என்கிறார்கள். அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் கம்பி விட்டு இழுத்தது அம்மன் இல்லை. ரிசப்ஷனில் மகன் மைக் பிடித்து நன்றி சொல்லும்போது, சமையல்காரருக்கு முன்னால் என் பெயர் வர வேண்டும். என்ன செய்தேன் என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். பந்தியில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி.